அங்கிள் ராசுவின் கழுத்து

1

போன மாதம் என் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போனேன். மலேசியாவுக்கு வந்து இன்னொரு வருஷம் ஓடிவிட்டது என்று எனக்கு நினைவூட்டுவது இந்த வரிசைதான். காலையிலேயே போய் நம்பர் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். பக்கத்தில் இருப்பவர் தூங்கி நம் தோளில் சாய்வார். நம் நம்பர் வரும்போது கவுண்டரில் இருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். திரும்பி வந்து, ஒரு போட்டோ குறைகிறது என்பார். எடுத்துக்கொண்டு ஓடி வந்தால், பின்னணி நீலமாக இருக்க வேண்டும் என்பார். ஊரில் ரேஷன் கார்டுக்கு அலைந்தவனுக்கு இதெல்லாம் ஒரு தண்டனையா என்று நானும் பொறுத்துக்கொள்வேன்.

இந்த முறை கவுண்டரில் ஒரு புது அம்மா. முக்காடு போட்ட, சிரித்த முகம். என்ன வேலை என்று கேட்டார். டெலிவிஷனுக்குக் கம்ப்யூட்டரில் பொம்மைப் படம் செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். எந்தப் படம் என்றார். அதையும் சொன்னேன்.

“அங்கிள் ராசு!” என்று கூவிவிட்டார். பக்கத்துக் கவுண்டர்காரரின் தோளைத் தட்டி, இந்த ஆள்தான் அங்கிள் ராசு செய்கிறவர் என்று காட்டினார். பிறகு இருவரும் என்னைப் பார்த்துச் சேர்ந்தாற்போல் தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக ஆட்டினார்கள். எனக்குப் பின்னால் நின்றிருந்த யாரோ ஒருவரும் ஆட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். என் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்துவிட்டது. நீலப் பின்னணியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

அவர்களிடம் துளி கெட்ட எண்ணம் கிடையாது. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள், செய்யவும் செய்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தலையாட்டல் என்னுடையது. பேச்சுக்குச் சொல்லவில்லை. என் கழுத்தை வீடியோவில் பிடித்து, அளந்து, அந்தப் பொம்மைக்குள் வைத்தார்கள்.

2

நான் செய்யும் வேலை ஊரில் யாருக்கும் பிடிபடவில்லை. திருச்சியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் அண்ணன் போன் செய்யும்போதெல்லாம், “என்னடா சேகர், இன்னும் பொம்மைக்கு எலும்பு வச்சிட்டுத்தான் இருக்கியா?” என்பார். கிண்டல்தான். ஆனால் இதைவிடச் சரியாக அதை யாரும் சொன்னதில்லை.

கம்ப்யூட்டர் பொம்மைப் படத்தில் முதலில் ஒருவர் உருவத்தைச் செய்து கொடுப்பார். அது வெறும் தோல். உள்ளே ஒன்றும் இருக்காது. அதற்குள் எலும்பு வைத்து மூட்டுகளைக் கோப்பது என் வேலை. ரிக்கிங் என்பார்கள். முழங்கால் எதுவரை மடங்கும், கையைத் தூக்கினால் அக்குள் தோல் எவ்வளவு இழுபடும், குனிந்தால் தொப்பை எங்கே போகும் என்று ஒவ்வொன்றாக முடிவு செய்து கட்ட வேண்டும். கடைசியில் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பிடி. திரையில் ஒரு கோடும் அதன்மேல் ஒரு குமிழும் இருக்கும். ஒரு குமிழை நகர்த்தினால் புருவம் ஏறும். இன்னொன்றை நகர்த்தினால் இமை இறங்கும். அந்தக் குமிழ்களை நகர்த்திப் பொம்மையை நடிக்க வைப்பவர்கள் அனிமேட்டர்கள்.

அவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும், நான் பிடி வைக்காத அசைவை அவர்களால் கொண்டுவர முடியாது. புருவத்தில் எலும்பு இல்லையென்றால் அந்தப் பொம்மைக்கு ஆச்சரியம் வராது. உதட்டோரத்தில் இல்லையென்றால் சந்தேகம் வராது. ஆக, ஒரு பொம்மைக்கு மனசு என்று ஒன்று இருக்கலாமா கூடாதா என்பது நடிப்பு தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. முடிவு செய்வது நான் என்று நீங்கள் நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அதற்கு முதலாளி இருக்கிறார்.

3

முதலாளி வள்ளியப்பன். தாத்தா காலத்தில் வட்டித் தொழிலுக்கு வந்த குடும்பம், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டயர் கடைக்கு மேலே ஸ்டூடியோ வைத்திருக்கிறார். சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் பற்பசைக் குழாயிலிருந்து பற்களைக் குதிக்க வைத்துக்கொண்டிருந்த என்னை இங்கே கூட்டிவந்தவர் அவர்தான். மனைவி சாந்தியையும் மகள் கயல்விழியையும் அழைத்துக்கொண்டு வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியேறினேன். கயலுக்கு அப்போது ஐந்து வயது.

அங்கிள் ராசு வள்ளியப்பனின் யோசனை. தைப்பூசத்தின்போது பத்துமலையில் ஒரு ஜாகாவின் சோற்றுப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தாராம். ஜாகா என்றால் இங்கே காவலாளி. அவருக்கு உடனே ஒரு தொடர் தோன்றிவிட்டது. அடுக்குமாடி வாசலில் காவல் இருக்கும் அங்கிள் ராசு, அவரைத் தினமும் ஏமாற்றும் ஒரு குரங்கு. வசனம் கிடையாது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே போடுகிற மாதிரிச் சின்னச் சின்னச் சிரிப்புப் படங்கள்.

முதல் நாள் உட்கார்ந்து பேசியபோதே எனக்கு ஏதோ உறுத்தியது. குரங்கின் முகத்துக்குப் புருவம் தனி, இமை தனி, கன்னம் தனி, மேலுதடு கீழுதடு தனித்தனி என்று அடுக்கிக்கொண்டே போனார். ராசுவின் முகத்துக்கு என்ன என்று கேட்டேன்.

“அங்கிளுக்கு எதுக்கு லா அதெல்லாம்? வாய் தொறந்து மூடுனா போதும். தொப்பை குலுங்கணும். தலை ஆடணும். மங்கிதான் ஹீரோ. அங்கிள் சும்மா சிரிக்கிறதுக்கு.”

இந்த ஊர்ப் பேச்சில் எந்த வாக்கியத்திலும் ஒரு ‘லா’ ஒட்டிக்கொள்ளும். அவர் சொன்னபடிதான் நடந்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒரு குரங்கின் உதட்டுக்கு எலும்பு வைத்தேன். அதற்கு வெட்கம் வரும், பொறாமை வரும், திருடுவதற்கு முன்னால் ஒரு கணம் யோசனை வரும். மனுஷனுக்கு வாய் திறக்கும், வாய் மூடும்.

தலையாட்டலில்தான் வேலை தடைப்பட்டது. எங்கள் அனிமேட்டர்களில் மெய் லிங் என்ற பெண் கைதேர்ந்தவள். அவள் செய்து பார்த்தாள். ராசு ‘வேண்டாம், வேண்டாம்’ என்று மறுப்பதுபோல இருந்தது. வள்ளியப்பன் சலித்துக்கொண்டார். பிறகு அவர் பார்வை என்மேல் விழுந்தது.

“சேகர், நீங்கதான் ஒரிஜினல் ஆச்சே. நேரா இந்தியாவுலேர்ந்து வந்த சரக்கு. வாங்க, வந்து உக்காருங்க.”

ஒருவர் ஆடிக் காட்ட, அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு அனிமேட்டர்கள் பார்த்துச் செய்வது இந்தத் தொழிலின் வழக்கம். குரங்குக்காக மெய் லிங்கே மேசைமேல் ஏறிக் குதித்திருக்கிறாள். அதனால் நானும் தயங்காமல் நடு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முன்னால் ஒரு கேமரா, பக்கவாட்டில் ஒன்று. சாப்பிட்டாச்சா, வேலை முடிஞ்சிதா, நாளைக்கு வர்றீங்களா என்று வள்ளியப்பன் கேட்டுக்கொண்டே போனார். நான் தலையால் பதில் சொன்னேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மெய் லிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சோ க்யூட் லா, சேகர்!” என்றாள்.

பிறகு என் கழுத்தை நானே திரையில் ஓட்டிப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து செய்துவரும் ஒரு காரியத்தை அன்றுதான் பார்த்தேன். அது ஒரே அசைவு இல்லை. சரி என்பதற்கு ஒன்று. பார்க்கலாம் என்பதற்குக் கொஞ்சம் மெதுவாக, கண்ணும் சேர்ந்து இறங்குகிற இன்னொன்று. சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு நிற்காமல் ஓடும் ஒரு சின்ன ஆட்டம். மூன்றையும் தனித்தனியாகக் கட்டி, மூன்று பிடி வைத்துக் கொடுத்தேன். அழகாக வந்திருந்தது.

வள்ளியப்பன் பார்த்தார். “எதுக்கு மூணு? அனிமேட்டர்ங்க கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்க லா. ஒண்ணு வைங்க. பெருசா வைங்க.”

ஒன்றை வைத்தோம். காது தோளில் முட்டும் அளவுக்கு.

4

எளிதாகக் கிடைக்கிற பிடியைத்தான் கை தேடும். ராசுவிடம் வேறு என்ன இருந்தது? குரங்கு வாழைப்பழத்தைத் திருடினால் ராசு தலையை ஆட்டினார். படிக்கட்டில் உருண்டு விழுந்து எழுந்ததும் ஆட்டினார். வீட்டுக்காரர் கண்டபடி திட்டும்போது ஆட்டினார். தூக்கத்திலும் ஆட்டினார். அடுத்தடுத்த படங்களில் அவர் கையில் ஒரு சாராயப் புட்டியும் வந்து சேர்ந்தது. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. யாரும் என்னிடம் கேட்கவுமில்லை.

படம் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வழக்கமாகச் சாப்பிடும் வாழையிலைக் கடையில் உட்கார்ந்திருந்தேன். டெலிவிஷனில் ராசு வந்தார். கடை முழுக்க நம் ஆட்கள். லோரி ஓட்டுகிறவர்கள், செலாயாங் மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வந்தவர்கள், உண்மையிலேயே ஜாகா வேலை பார்க்கிற ஒருவர் சீருடையோடு. ராசுவின் தலை ஆடியதும் கடையே அதிர்ந்தது. சீருடைக்காரர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். ரசம் ஊற்ற வந்த கடைக்கார அக்கா, “அண்ணே, ஒங்க கார்ட்டூன் செம லா. என் வீட்டுக்காரரு அச்சு அசல் இப்படித்தான்” என்றார்.

சிரித்தவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. சாப்பிடுகிற இடத்தில் தன் முகத்தில் தானே துப்பிக்கொள்கிறார்களே என்று அருவருப்பாக இருந்தது. இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கு அப்பாவின் நெஞ்சுவலி ஞாபகம் வந்தது. திருச்சியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அண்ணனும் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே கூட்டிப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது. டாக்டர் வெளியே வந்தார். வேறு யாரையோ பார்க்க அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார். போகிற போக்கில் அண்ணனைப் பார்த்து ஒரே ஒரு முறை தலையை அசைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார், அப்பா பிழைத்துவிட்டார் என்று. எனக்கும் புரிந்துவிட்டது. வராந்தாவில் நின்ற முன்பின் தெரியாதவர்களுக்கும் புரிந்துவிட்டது.

அதே அசைவைத்தான் இங்கே புட்டி வைத்திருக்கிற ஒரு தொப்பைக்காரனுக்கு மாட்டி, குரங்கை விட்டுச் சிரிக்க வைத்திருக்கிறோம்.

5

கயலுக்கு இப்போது ஒன்பது வயது. தமிழ் பேசுவாள், ஆனால் அவசரமாகப் பேசினால் மூன்று மொழியும் ஒன்றாக வரும். அண்ணனோடு போனில் பேசும்போது, “மண்டி பண்ணிட்டு ஸ்கூலுக்குப் போனேன் பெரியப்பா” என்றாள். குளித்துவிட்டு என்று அர்த்தம், மலாய்ச் சொல். அண்ணன் பதறிப்போய், பிள்ளையை ஏண்டா மண்டி போட வைக்கிறீங்க என்று என்னைத் திட்டினார். இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக நம் கையைவிட்டுப் போவதைச் சிரிப்பாக மாற்றிக்கொள்ளும் வித்தை வெளிநாட்டுக்கு வந்த எல்லாப் பெற்றோருக்கும் தெரியும்.

பெர்மிட் வாங்கிக்கொண்டு வந்த அன்று கவுண்டரில் நடந்ததைச் சாந்தியிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டாள்: “என்னங்க, நம்ம கயல் இப்பல்லாம் தலையே ஆட்டறதில்ல, கவனிச்சீங்களா?”

கவனிக்கவில்லை. ஊரில் உள்ள பொம்மைகளின் கழுத்தையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தேன். அன்று சாப்பிடும்போது பார்த்தேன். இன்னொரு தோசை வேணுமாம்மா என்றேன். “ஓகே பா” என்றாள். வாய் மட்டும்தான் அசைந்தது. மிளகாய்ப் பொடி? “கொஞ்சம் பா.” கண் என்னைப் பார்த்தது, கழுத்து அப்படியே நின்றது. எங்கள் தொழிலில், ஒரு மூட்டு அசையக் கூடாது என்றால் அதைப் பூட்டி வைப்போம். பூட்டிய மூட்டைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரியும்.

ஏம்மா இப்படி விறைப்பா உட்கார்ந்திருக்க என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். சாந்தி விடாமல் கேட்டதும் சொன்னாள்.

“தலைய ஆட்டுனா எல்லாரும் சிரிப்பாங்க பா. அங்கிள் ராசு பொண்ணுன்னு கூப்புடுவாங்க. பஸ்ல எல்லாரும் சேர்ந்து ஆட்டுவாங்க. அதான் நான் ப்ராக்டிஸ் பண்ணேன்.”

“என்ன ப்ராக்டிஸ்?”

“ஆடாம இருக்கறதுக்கு. கண்ணாடி முன்னாடி. தாடைக்குக் கீழ கைய வச்சிக்கிட்டு ‘யெஸ்’ சொல்லணும். இப்ப கையே வேணாம் பா.”

சாதித்த பெருமையோடுதான் சொன்னாள். நானும் சாந்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ராசுவைச் செய்வது அவள் அப்பா என்று பள்ளியில் அவள் யாரிடமும் சொல்லவில்லையாம்.

6

மறுநாள் வள்ளியப்பனின் அறைக்குப் போனேன்.

“சார், ராசுவுக்கு முகம் வச்சிக் கொடுக்கறேன். புருவம், கண்ணு, எல்லாம். சம்பளம் எதுவும் அதிகமா வேணாம். அந்தத் தலையாட்டல எடுத்துடலாம்.”

“ஏன்? யாராச்சும் கம்ப்ளெயின் பண்ணாங்களா?”

கயலைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். “ஓவர் சென்சிடிவ் ஆவாதீங்க லா, சேகர். நானும் தமிழன்தானே? நம்மளப் பார்த்து நாமளே சிரிச்சிக்கிட்டா என்ன தப்பு?”

“நீங்க ஆட்டறதில்லையே சார்.”

“என்ன?”

“ஸ்பான்சர்காரங்க வந்தா உங்க கழுத்து அசையறதே இல்ல. அம்மாகிட்ட போன் பேசும்போது மட்டும் நல்லா ஆட்டறீங்க.”

அவர் முகம் சிவந்துவிட்டது. மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். “அது வீட்டுப் பேச்சு லா. பிரைவேட்” என்றார்.

கிள்ளானில் பள்ளிக்கூடம் போன காலத்தில் இவரும் எங்கேயோ கண்ணாடி முன் நின்று பழகியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. பரிதாபப்பட வேண்டிய இடம். எனக்குப் பரிதாபம் வரவில்லை. தான் பட்ட அவமானத்தைச் சரக்காக்கிக் கடைபோட்டிருக்கிற ஆள் என்றுதான் தோன்றியது.

அவர் சீக்கிரமே சுதாரித்துக்கொண்டார். உற்சாகமாகக்கூட ஆகிவிட்டார். “நல்ல நேரத்துலதான் வந்தீங்க. அடுத்த செட்டுல ராசுவுக்கு ஒரு பொண்ணு வைக்கிறோம். ரெண்டு ஜடை, பெரிய பொட்டு. அப்பன் மாதிரியே தலைய ஆட்டும். மங்கிக்கு இன்னும் ஜாலி. ஒங்க மகளச் சனிக்கிழமை கூட்டிட்டு வாங்களேன். படம் எடுத்துக்குவோம். ஆட்ட மறந்துட்டான்னா இங்க வந்து மறுபடி கத்துக்கட்டும் லா!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னைச் சமாதானப்படுத்தும் நகைச்சுவை என்றே நினைத்திருப்பார். ஒரு மனுஷனைப் பார்த்து எனக்கு அவ்வளவு அருவருப்பு அதற்கு முன் வந்ததில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த என்னையும் எனக்குப் பிடிக்கவில்லை.

“அந்தப் பொண்ணுக்கு நான் எலும்பு வைக்க மாட்டேன்” என்றேன்.

“நீங்க இல்லாட்டி வேற ஆளு.”

“வச்சிக்குங்க.”

அன்றைக்கே வேலையை விட்டேன். மெய் லிங் படி இறங்கும்வரை கூடவே வந்து, “வொய் லா, சேகர்? எவ்ரிபடி லவ்ஸ் ராசு” என்று வருத்தப்பட்டாள். அவள் மனசார வருத்தப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண் பொம்மையை யாராவது செய்துவிடுவார்கள். ஜடையோடும் பொட்டோடும் அது வரத்தான் போகிறது. என் மகளைப் பார்த்துச் செய்ததாக இருக்காது, அவ்வளவுதான் என்னுடைய வீரம். பெர்மிட் கம்பெனியின் பெயரில் இருக்கிறது. வேலை இல்லையென்றால் சீக்கிரமே அதுவும் இருக்காது. கவுண்டர் அம்மா அவ்வளவு ஆசையாகக் குத்திக்கொடுத்த முத்திரை வீணாகப் போயிற்று.

7

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கயலைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். அப்பா அந்த வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். இனிமேல் ராசுவும் வேண்டாம், குரங்கும் வேண்டாம். இந்த வருஷத்தோடு திருச்சிக்கே போய்விடுகிறோம். அங்கே பெரியப்பா இருக்கிறார், அக்கா அண்ணன் எல்லாம் இருக்கிறார்கள். உன்னைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

குழந்தை கட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். அவள் ஒன்று கேட்டாள்.

“பா, அங்க எல்லாரும் இப்படிப் பண்ணுவாங்கல்ல?”

“எப்படிம்மா?”

அவள் கழுத்து அசையவில்லை. வலது கையை முகத்துக்கு நேராக உயர்த்தி, மணிக்கட்டை மட்டும் இப்படியும் அப்படியுமாக ஆட்டிக் காட்டினாள்.

“பெரியப்பா பண்ணுவாரு, எனக்கு ஞாபகம் இருக்கு. கடையில இருக்கவங்க? பஸ்ல? டீச்சர்கூடப் பண்ணுவாங்களா?”

“ஆமாம்மா. எல்லாரும்தான். அதுல என்ன இருக்கு?”

“ஈ…” என்று முகத்தைச் சுளித்தாள். “அசிங்கமா இருக்கும் லா பா. நான் வரல.”

சாந்தி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். டாக்டர் தலையசைத்த கதையைக் கயலிடம் சொல்லிப் பார்த்தேன். மரியாதையாகக் கேட்டாள். முடிந்ததும், டாக்டர் ஏன் வாயால் சொல்லவில்லை என்று கேட்டாள்.

அவள் வருவாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வேறு வழி என்ன இருக்கிறது? டிசம்பரில் வருகிறோம். ஊரில் என் சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எப்போதும்போல வேன் பிடித்துக்கொண்டு திருச்சி விமான நிலையத்துக்கு எல்லோரும் வந்து நிற்க வேண்டாம். அண்ணன் மட்டும் வரட்டும். அவள் முதலில் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டாள், கழுத்தைத்தான் பார்ப்பாள்.